மேஸ்திரிக்கு ஒரு மீன்

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மீன் வாங்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தெருவிலிருந்து, அறுபத்து நாலு வயதில், ஒரு மாமி மீன் வாங்கக் கிளம்புவது அவ்வளவு லேசான காரியமா? கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று பீரோவில் கிடந்தது – அதை மாட்டிக்கொண்டேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை – இருந்தாலும் குடையை விரித்துக்கொண்டேன். துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மூடி போட்ட டப்பா. பக்கத்து ஜங்ஷனிலேயே மீன் விற்கிறார்கள். அங்கே போகவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? ஆட்டோ பிடித்து இரண்டு ஜங்ஷன் தள்ளிப் போனேன். பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போகிறவன்கூட இவ்வளவு முன்னேற்பாட்டோடு போவானா, தெரியாது.

எல்லாம் மேஸ்திரிக்காக.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு மேஸ்திரியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – மேஸ்திரி எங்கள் வீட்டுப் பூனை. சாம்பல் நிறம், வெள்ளை மார்பு, பன்னிரண்டு வயது. கொல்லைச் சுவர் இடிந்துபோய், அதைக் கட்ட வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனார்கள் வந்திருந்தபோது, எங்கிருந்தோ குட்டியாக வந்து மணல் குவியல் மேல் ஏறி உட்கார்ந்தான். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், மற்றவர்கள் செய்யும் வேலையையெல்லாம் திருப்தியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். "இவருதாம்மா எங்க மேஸ்திரி" என்றார் பெரிய கொத்தனார். வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் போகவில்லை.

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் அக்கா ராஜம், மேஸ்திரி. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவள். அக்கா, அத்திம்பேர் போன பிறகு என்னோடு வந்து சேர்ந்துகொண்டவள். போன வருஷம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. அவள் பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து, "ஒரு மாசம் எங்களோட இருக்கட்டும் சித்தி" என்று கூட்டிக்கொண்டு போனான். அந்த ஒரு மாசம் பதினாலு மாசமாகிவிட்டது. அங்கே லிஃப்ட் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள். இங்கே மாடிப்படியும் நானும். எதை விட்டுவிட்டு எதற்கு வருவாள்? நானும் கேட்பதில்லை.

ஆக, இப்போது வீட்டில் இரண்டு பேர். நான் பேசுவேன். மேஸ்திரி என் பக்கம் ஒரு காதைத் திருப்புவான். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். ஆனால், அந்தக் காது திரும்புகிறதே... "ஹலோ, லைன்ல இருக்கேளா?" என்று ஆயுசு பூராவும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். காலையில் எழுந்ததும், "என்னடா, ராத்திரி எலி ஏதாவது வந்துதா?" என்பேன். காது திரும்பும். சரி, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று காபி போடப் போவேன்.

திங்கட்கிழமை காலையில் காது திரும்பவில்லை.

பாலை வைத்தேன். குடிக்கவில்லை. மத்தியானம் தயிர் சாதம் வைத்தேன். பார்க்கக்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை நெய் தடவிய தோசை முறுகலைக் கிள்ளி மூக்குக்கு நேரே நீட்டினேன். அதற்காக அடுப்பு மேடையில் ஏறி ரகளை பண்ணுகிறவன் அவன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்கினால் உடம்பில் கனமே இல்லை. நாள்பட்டு இளைத்திருக்கிறான், ரோமத்துக்குள் அது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பக்கத்திலேயே இருப்பவர்கள் இளைப்பதுதான் கண்ணில் படுவதே இல்லை.

புதன்கிழமை அவனைக் காய்கறிக் கூடையில் உட்கார வைத்து, மேலே துண்டைக் கட்டி, டாக்டரிடம் கொண்டு போனேன். ஷீபா என்று பெயர். சின்னப் பெண். தமிழ்நாட்டில் படித்தவள், என்னிடம் தமிழில்தான் பேசுவாள். வார்த்தைக்கு வார்த்தை மலையாளம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அம்மா, இவன் என்ன கழிக்கும்? சாதாரணமா என்ன சாப்பாடு?"

"பால், தயிர் சாதம். எங்காத்துல என்ன உண்டோ அது."

"பூச்சைக்கு தயிர் சாதமோ?" அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவனும் பட்டராணோ?"

இங்கே எங்களை, தமிழ்ப் பிராமணர்களை, பட்டர் என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாக மேஸ்திரி எங்களோடு சைவம். பல்லி, கரப்பு, எலி என்று அவன் வெளியில் செய்துகொண்டிருந்த ஏற்பாடுகளைப் பற்றி நாங்கள் விசாரித்ததில்லை. அவனும் சொன்னதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் சிரிக்கவில்லை.

"கிட்னி ரெண்டும் மோசமாணு அம்மா. அது இனி சரியாகாது. பட்சே ட்ரிப் போட்டு, மருந்து குடுத்து, கொஞ்ச மாசம் நல்லா வெச்சுக்கலாம். இப்போ அதல்ல ப்ராப்ளம். இவன் சாப்பிடணும். பூச்சை மூணு நாலு நாள் பட்டினி கிடந்தா லிவரும் போகும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்யான் பற்றில்ல."

முதுகுத் தோலைத் தூக்கி அதற்கடியில் ட்ரிப் ஏற்றினாள். குமட்டல் நிற்க ஊசி போட்டாள். கிட்னி கெட்ட பூனைகளுக்கென்றே வரும் உணவு என்று ஒரு பாக்கெட் கொடுத்தாள். அங்கேயே பிரித்து வைத்துப் பார்த்தோம். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டான். சிரிஞ்சில் கரைத்து வாயோரமாகச் செலுத்தினோம். அத்தனையும் என் புடவைத் தலைப்பில் வந்து விழுந்தது.

"பத்தியமெல்லாம் பின்னே பார்க்கலாம்" என்றாள் டாக்டர். "இப்போ ஏது தின்னாலும் மதி, அது போதும். மீன் குடுங்கோ."

"மீனா? எங்காத்துல..."

அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அம்மா திங்கண்டா. அவன் தின்னா மதி."

நான் மேஸ்திரியைத் தூக்கிக் கூடையில் வைத்தேன்.

"சனிக்கிழமை காலைல கொண்டுவாங்கோ. அதுக்குள்ளே சொந்தமா வாய் வெச்சு கொறச்சு, கொஞ்சமாவது தின்னா, நான் பாத்துக்கறேன். இல்லேன்னா..." மேஸ்திரியின் தலையைத் தடவினாள். "இல்லேன்னா, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு விடறதைப் பத்தி யோசிக்கலாம், கேட்டோ?"

சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

வீட்டுக்கு வந்து கூடையை ஹாலில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் – மேஸ்திரியை நினைத்து வந்த பயத்தைவிட என்னை நினைத்து வந்த பயம்தான் அதிகம். இவன் போய்விட்டால், காலையில் எழுந்து இந்த வீட்டில் நான் வாயைத் திறக்க ஒரு காரணம்கூட இருக்காது. காய்கறிக்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். மீதி நாளெல்லாம் யாரிடம் பேசுவேன்?

மீன் வாங்கியே தீர வேண்டும். ஆனால் வாங்கினால்... பார்வதி மாமி?

எங்கள் தெருவின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இந்த வீட்டில் கடுகு வெடித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அடுத்த வீட்டுப் பார்வதி மாமியின் மூக்கு தெருப் பிரசித்தம். கோடி வீட்டில் வாடகைக்கு இருந்த பேச்சிலர் ஒருத்தர் ஒருநாள் முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டுவிட்டார். மாமி அதை இங்கிருந்தே கண்டுபிடித்து, நடுத்தெருவில் நின்று ஒரு பாட்டம் கத்தி, அந்த மாசமே அவரைக் காலி பண்ண வைத்தாள். முட்டைக்கே அந்தக் கதி என்றால் மீனுக்கு? வலது பக்கத்து வீட்டு சங்கரன் மாமா இன்னும் மோசம். கத்த மாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வைக்கு மாமியின் கத்தலே தேவலை.

இப்படித்தான் வியாழக்கிழமை மாஸ்க்கும் குடையுமாகக் கிளம்பினேன்.

ஜங்ஷனில் ஓர் ஓரமாக, பெரிய குடைக்குக் கீழே, அலுமினியச் சருவத்தில் மீனை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. இங்கே வந்து இருபது வருஷமாகிறதாம். பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊரை விட்டு வரவில்லை.

"வாங்கம்மா. என்ன மீனு வேணும்? சாளை இருக்கு, அயிலை இருக்கு, நெத்திலி இருக்கு."

"ஒண்ணு போரும்."

"ஒரு கிலோவா?"

"ஒரு மீன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாஸ்க்கைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள்.

"ஆருக்கும்மா?"

"பூனைக்கு."

ஸ்டெல்லா என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துலேருந்து வாற அம்மாமாரு எல்லாரும் பூனைக்குன்னுதாம்மா கேப்பாவ."

"சத்தியமா பூனைக்குத்தான்!"

"செரி, செரி. பூனைக்கே இருக்கட்டு. நாலு சாளை எடுத்துக்கிடுங்க. ஒண்ணுல என்ன இருக்கு? வெட்டித் தரட்டா?"

வெட்டுவார்கள் என்பதே எனக்குப் புதிய தகவல். முழுசாக அப்படியே வேகவைப்பது என்றுதான் நினைத்திருந்தேன் – உருளைக்கிழங்கு மாதிரி. அவள் செதிலைச் சுரண்டி, தலையைத் திருகி, வயிற்றைக் கீறி... நான் எதிரே இருந்த மருந்துக் கடை போர்டை மிகவும் கவனமாகப் படித்தேன். "முள்ளைப் பாத்து எடுத்துட்டுக் குடுங்க" என்றவள், "பூனைக்கு" என்று சேர்த்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினாள்.

வரும் வழியில் ஒரு புது அலுமினியப் பாத்திரம் வாங்கினேன். வீட்டுப் பாத்திரத்தில் தொட முடியுமா? அடுக்களைக்குள்ளும் கொண்டுபோகவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு, கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கடையைப் பரப்பினேன்.

அப்புறம் சமைத்தேன். எப்படித் தெரியுமா? முதலில் மஞ்சள் பொடி போட்டு ஊறவைத்தேன். அலம்பினேன். எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்தேன். அலம்பினேன். வேகவைத்து, அந்தத் தண்ணீரை வாழை மரத்தடியில் கொட்டி, அதன் மேல் ஃபினாயில் ஊற்றினேன். புதுத் தண்ணீர் விட்டு மறுபடி வேகவைத்துக் கொட்டினேன். மூன்றாவது தடவை குழாயடியில் பிடித்து, கரண்டியால் கிளறிக் கிளறிக் கழுவினேன். இதற்கு நடுவில் உள்ளே ஓடிப்போய் வாசலில் நாலு ஊதுவத்தி, ஹாலில் சாம்பிராணி. நல்ல புகையாக, மேஸ்திரியின் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

ஆறவைத்து, முள்ளெடுத்து, தட்டில் வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி, ஒரு துளி வாசனை இல்லாமல். அதை மீன் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேஸ்திரியும் சொல்லவில்லை.

தட்டை அவன் முன்னால் வைத்தேன். ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தலையை முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். விரலில் எடுத்து உதட்டில் தடவினேன், நக்கவில்லை. "டேய், உனக்காக நான் என்னவெல்லாம் பண்ணியிருக்கேன் தெரியுமாடா?" என்றேன். காது அசையவில்லை. சாயங்காலம் வரை அரை மணிக்கு ஒரு தடவை தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மீனையே வேண்டாம் என்றுவிட்ட பூனையிடம் வேறு எதை நீட்டுவது? அவன் முடிவு செய்துவிட்டான் என்றே நினைத்தேன். அன்று நானும் ஒன்றும் சமைக்கவில்லை. எனக்காக மட்டும் அரிசி களைவது அபத்தமாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி ஸ்டெல்லாவிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. வேறு மீன் வாங்கிப் பார்க்கலாம் என்று ஒரு சாக்கு. உண்மையில், அவன் சாப்பிடவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"தின்னுச்சாம்மா?" என்று அவளே கேட்டாள்.

"இல்லை. மோந்துகூடப் பார்க்கலை. நாளைக் காலைக்குள்ள திங்கலைன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டா."

அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. நிஜமாகவே பூனைக்குத்தான் என்று அப்போதுதான் நம்பினாள் போலிருக்கிறது.

"எப்படி வச்சிய?"

சொன்னேன். மஞ்சள், எலுமிச்சை, மூன்று தண்ணீர், குழாயடி, சாம்பிராணி. கொஞ்சம் பெருமையோடேயே சொன்னேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றது.

"எம்மா... மூணு தண்ணி மாத்துனியளா? அந்தத் தண்ணியிலதானே எல்லாம் கெடக்கு! சீக்கு வந்த பூனைக்குக் கண்ணா வேலை செய்யும்? மூக்குதாம்மா வேலை செய்யும். வாடை அடிச்சாத்தான் அது வாயத் தொறக்கும். நீங்க வாடைய எல்லாம் கழுவிக் கொட்டிட்டு, வெறுஞ் சக்கைய வச்சிருக்கிய. போதாததுக்குப் புகை வேற!"

நான் பையிலிருந்த டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மஞ்சளும் வேண்டாம், உப்பும் வேண்டாம். கொஞ்சமா தண்ணி வச்சு வேவ வைங்க. அந்தத் தண்ணியோட பிசைஞ்சு, இளஞ்சூட்டுல, கையால குடுங்க. அது படுத்துக் கெடக்குத எடத்துலயே அடுப்ப வைங்க. வாடை முதல்ல போவட்டு, மீனு பின்னால போவட்டு."

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள்தான் இருந்தது. அதில் ஒரு நாளை நான் அலம்பிக் கொட்டிவிட்டேன். பூனைக்கு மீன் வேண்டும். எனக்கோ மீன் மாதிரி இல்லாத மீன் வேண்டும். நம் வீட்டில் பாதிப் பேருக்கு நாம் இப்படித்தான் செய்கிறோம் இல்லையா? அவர்களுக்குப் பிடித்ததைத்தான் கொடுக்கிறோம் – நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி.

கொல்லையில் மறுபடி கடை பரப்பலாம் என்று பார்த்தால், மழை. பத்து மணிக்கே கொட்டோ கொட்டென்று கொட்டியது. எக்ஸ்டென்ஷன் வயரோடு நனைந்தால் பூனைக்கு முன்னால் நான் போய்விடுவேன். மழை நிற்கக் காத்திருந்தேன். பதினொன்று. பதினொன்றரை. நிற்கவில்லை. மேஸ்திரியின் மூச்சு கூடைக்குள் மேலோட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

எழுந்தேன். கூடையைத் தூக்கி அடுக்களை மேடைக்குக் கீழே வைத்தேன். அலுமினியப் பாத்திரத்தை எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் ஏற்றினேன். நாலு சாளை. ஒரு டம்ளர் தண்ணீர். மழைச் சாரலுக்காக எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது.

வாசனை வந்தது... வந்தது என்ன, வீடு முழுக்க நிறைந்தது. அடுக்களையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பூஜை அறை, ரேழி. புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்கோ" என்று உள்ளே இருப்பவர்களிடம் சொன்னேன்.

அடுப்பை அணைத்து, தட்டில் ஆறவைத்து, முதல் தடவையாக மீனில் விரலை வைத்தேன். வழவழப்பாக, கதகதப்பாக இருந்தது. முள்ளை எடுத்து, அந்தத் தண்ணீரை விட்டுப் பிசைந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலைக் கூடைக்குள் நீட்டினேன்.

மேஸ்திரியின் மூக்கு நுனி அசைந்தது.

கண் திறக்கவில்லை. மூக்கு மட்டும் ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு தலை ஒரு அங்குலம் எழுந்தது. நாக்கு வெளியே வந்து என் விரலை ஒரு நக்கு நக்கிவிட்டு உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. சொரசொரவென்று, உப்புத்தாள் மாதிரி. விரல் காலியானதும் கண்ணைத் திறந்து, எங்கே மீதி என்று பார்த்தான் – சரியாக வேலை செய்யாத ஆளைப் பார்க்கிற அதே பழைய பார்வை.

"தின்னுடா கண்ணா... தின்னு... இன்னும் இருக்கு..."

ஒன்றரைச் சாளை சாப்பிட்டான். விட்டு விட்டு, முக்கால் மணி நேரம். நடுவில் தூங்கினான். எழுந்தான், சாப்பிட்டான். கடைசியில் தட்டில் மிச்சமிருந்த தண்ணீரையும் நக்கினான். நான் அழுதேன், சிரித்தேன், மீன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எரிந்தது. கவலையே படவில்லை.

மழை விட்டது. அப்போதுதான் மற்றது ஞாபகம் வந்தது.

பார்வதி மாமி! இப்போது இந்த வாசனை சுவரைத் தாண்டியிருக்கும். எந்த நிமிஷமும் கதவு இடிபடும். அவசர அவசரமாகக் கையைக் கழுவினேன். சோப்பு, எலுமிச்சை, காபிப் பொடி என்று எல்லாம் போட்டுக் கழுவினேன். முகத்தை அலம்பி, பொட்டைச் சரிசெய்துகொண்டு, ரேழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் தயார் பண்ணினேன். 'மாமி, ஜீவகாருண்யம்...' என்று ஆரம்பிக்கலாமா? அல்லது, 'ஆமாம் மாமி, வெச்சேன், அதுக்கென்ன இப்போ?' என்று ஒரே போடாகப் போடலாமா?

ஒரு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒன்றரை ஆயிற்று.

கதவைத் திறந்து வாசலுக்கு வந்தேன். இடது பக்கம் பார்த்தேன். பார்வதி மாமி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. மாமி மூன்று வருஷத்துக்கு முன்பே புனேயில் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனவளே நான்தான். ஆனாலும் இரண்டு நாளாக அந்த மூக்குக்குப் பயந்து, ஃபினாயிலும் சாம்பிராணியுமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலது பக்கம் சங்கரன் மாமா வீடு. மாமா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை வீட்டை ஒரு கூரியர் கம்பெனிக்கு கோடவுனாகக் கொடுத்துவிட்டான். வாசலில் பார்சல் மூட்டைகள். அதன் நடுவே நாலைந்து பேர் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் குழம்பு. தினமும் அவர்களுக்கு மீன் குழம்புதான். ஒரு வருஷமாக அந்த வாசனை என் கொல்லை வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி சோற்றில் கை வைத்தார்.

எதிர் வீடு? பூட்டு. அதற்கடுத்தது? 'விற்பனைக்கு' என்று போர்டு.

ஆட்கள் போய் இத்தனை நாளாகியும், அவர்களுடைய சட்டத்தை மட்டும் நான் ஒருத்தி காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காவலில் ஒரு பூனை கிட்டத்தட்டச் செத்தே போயிருக்கும்.

நியாயமாக எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வாசலில் நின்று, இந்தத் தெருவில் யாராவது ஒருத்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வர மாட்டாரா, "என்னடி பண்றே, வெக்கமா இல்லையா உனக்கு?" என்று நாலு பேர் கேட்கக் கத்த மாட்டாரா என்று ஏங்கினேன். அவ்வளவு பெரிய குற்றம் செய்திருக்கிறேன். கேட்க ஒரு ஆள் இல்லை.

உள்ளே வந்து, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், அக்காவுக்கு நானே ஃபோன் போட்டேன். மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்பதையே அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில், "நம்மாத்து அடுக்களைலதான் வெச்சேன்" என்றேன்.

அவ்வளவுதான், அக்கா ஆரம்பித்தாள்.

"எந்தடீ பறயறாய் நீ? அடுக்களைலயா? அம்மா சமைச்ச அடுக்களைலயாடீ மீன் வெச்சாய்? கொல்லைல வெக்கப்படாதோ? மழை பெஞ்சா ஒரு கொடையப் பிடிச்சிண்டு வெக்கறது! எந்தப் பாத்திரம் எடுத்தாய்? என்னோட வெங்கலப் பானை ஒண்ணும் தொடலியே? அந்தக் கரண்டியத் தூக்கித் தூரப் போடு, கேட்டியா? மீன் ஓட்டல்காரன் தோத்தான்! நான் வந்தா அந்த அடுப்புல ஒரு வாய் வெள்ளம்கூடச் சுட வெக்க மாட்டேனாக்கும், சொல்லிட்டேன்!"

நான் வந்தால் என்றாள். பதினாலு மாசத்தில் முதல் தடவை. வர மாட்டாள், எனக்குத் தெரியும். முழங்கால் விடாது, பேத்தி விட மாட்டாள். இருந்தாலும் சொன்னாளே.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுக்களைத் தரையில் வைத்தேன். மேஸ்திரியின் கூடைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அக்கா பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். வீடு முழுக்க அவள் குரல். மேஸ்திரி தூக்கத்திலேயே அந்தப் பக்கம் காதைத் திருப்பினான். நடுவில் ஒரே ஒரு தடவை அவள் நிறுத்தினாள்.

"தின்னானாடீ?"

"தின்னான். ஒண்ணரை."

"ம்" என்றாள். கொஞ்சம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உடனே விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை டாக்டரிடம் போனோம். அவனாகவே சாப்பிட்டான் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கிட்னி என்னவோ திரும்பி வராது; மாசக் கணக்குதான், வருஷக் கணக்கு இல்லை என்று மறுபடியும் பொறுமையாகச் சொன்னாள். அந்த மாசங்களே போதும் என்றேன். பாக்கெட் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமாம். மீன் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும்.

அக்காவிடம், தினமும் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் திட்டட்டும்.